மலாக்கா நீரிணைக்கு ஓய்வு வேண்டும்

விடியுமுன் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனால், ஐஸ் நிரப்பிய பெட்டிகளில் கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அதில் ஒன்றை எடுத்து உங்கள் சாணோடு வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சாண், 20 சென்டிமீட்டர், வளர்ந்த பிறகுதான் கெம்போங் முதன்முறை முட்டையிடும். அதைவிடச் சின்ன மீன் பெட்டியில் கிடந்தால், அது பெரும்பாலும் ஒருமுறைகூட இனம் பெருக்காமல் பிடிபட்டது என்று அர்த்தம்.

கடலில் மீன் குறைவதன் அடிப்படை இதுதான். மீன் பிடிப்பது தவறில்லை. பிடித்த இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை வரவேண்டும். குஞ்சுகளையே வாரினால் எடை கூடுவதும் நின்றுபோகும், முட்டையும் குறையும்.

மலேசியாவில், நம் மேற்குக் கரையில், மீன் குறையும் வேகம் கூடியது 1960களில், இழுவலைப் படகுகள் வந்தபோது. கடலடியை அரித்துச் செல்லும் அந்த வலை இறாலுக்காகப் போடப்பட்டாலும், கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவரும். கரையோரச் சிறு மீனவர்களுக்கும் இழுவலைக்காரர்களுக்கும் மோதல் மூண்டு, 1964 முதல் 1976 வரை 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். படகுகள் கொளுத்தப்பட்டன. மீன்வளப் பாதுகாப்பு என்று இன்று நாம் பேசுவது அன்று சோற்றுக்கான சண்டையாக இருந்தது. அதை மறந்துவிட்டு விதிகளைப் பற்றிப் பேசக்கூடாது.

அந்தச் சண்டையின் பின்னணியில்தான் கடல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கரையிலிருந்து முதல் 5 கடல் மைல் சிறு மீனவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. இழுவலைக்கு அதற்கு அப்பால்தான் அனுமதி தரப்பட்டது. வலையின் வால்பைக் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இவற்றுக்கு வலு சேர்த்தது. ஆனாலும் 1971க்கும் 2007க்கும் இடையே கடலடி மீன்வளம் சுமார் 90 விழுக்காடு சரிந்தது. காரணம், வலைக்கண்ணியைச் சுருக்கிக்கொள்வதும் இரவில் வலயம் தாண்டுவதும் எளிது, கண்காணிப்பது கடினம். டீசல் மானியமும் ஒரு காரணம். மீன்பாடு குறைந்தால் நஷ்டத்துக்குப் பயந்து படகுகள் கரையில் நிற்கும். மானியம் அந்தத் தடையைத் தளர்த்திவிடுகிறது. வலையில் சிக்கும் குஞ்சு மீனுக்கும் விலை உண்டு. உரமீன் என்ற பெயரில் அது மீன் தீவனத்துக்கும் பண்ணைகளுக்கும் போகிறது. அந்தக் குவியலைக் கிளறினால் நாளைக்குச் சந்தைக்கு வரவேண்டிய மீன்களின் குஞ்சுகளே கிடக்கும்.

சந்தையில் நமக்கு இந்தக் குறைவு உறைக்காததற்குக் காரணம் உண்டு. தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மீன் வந்து பெட்டிகளை நிரப்பிவிடுகிறது. கடல் காலியானாலும் கடை காலியாவதில்லை.

கிழக்குக் கரைக்கு நவம்பர் தொடங்கிப் பருவமழை வந்து, கொந்தளிப்பில் படகுகளை நிறுத்திவிடும். நீரிணைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அலை தணிவாக இருப்பதால் ஆண்டு முழுதும் வலை ஓடுகிறது. இயற்கை தராத ஓய்வை விதியால் தரலாம்: தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு தடைக்காலம் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியாக நாம் மட்டும் வலையைச் சுருட்டினால் போதாது. மீனுக்கு எல்லைக்கோடு கிடையாது, அக்கரையில் சுமத்ராவும் வடக்கே தாய்லாந்தும் ஒத்துழைக்க வேண்டும். தகுதியுள்ள மீனவர்களுக்கு மாதாந்திர வாழ்க்கைப்படி வழங்கும் ஏற்பாடு மலேசியாவில் ஏற்கெனவே உண்டு. ஓய்வு நாள்களில் அதைக் கூட்டித் தர வழி தேடலாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ஒரு சாணுக்குக் குறைந்த கெம்போங்கை, கிலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.