சேம்பர்லினின் 100: ஸ்கோர் தாளைப் படிப்பது எப்படி?

1962 மார்ச் 2. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற சிற்றூர். அன்றிரவு 4,124 பேர் முன்னிலையில் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணி, நியூயார்க் நிக்ஸை 169-147 என்ற கணக்கில் வென்றது. வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் தனியாளாக 100 புள்ளிகள் எடுத்தார். என்.பி.ஏ. கூடைப்பந்தில் அந்த எண்ணை இன்றுவரை வேறு யாரும் தொட்டதில்லை.

ஆட்டம் தொலைக்காட்சியில் வரவில்லை, படச்சுருளும் கிடையாது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் பிழைத்திருக்கிறது. மீதி ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள, அன்று ஹார்வி பொல்லாக் குறித்துவைத்த 'பாக்ஸ் ஸ்கோர்' தாளைத்தான் நாட வேண்டும். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் சேம்பர்லின் '100' என்று எழுதிய காகிதத்தைப் பிடித்தபடி இருக்கும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவரும் பொல்லாக்தான்.

பாக்ஸ் ஸ்கோரும் கிரிக்கெட் ஸ்கோர்கார்டு மாதிரிதான். ஆளுக்கு ஒரு வரி. சேம்பர்லினின் வரி இது: 48 நிமிடம், அதாவது முழு ஆட்டமும். 63 முறை கூடையை நோக்கி எறிந்து 36 உள்ளே. எதிரணியின் ஃபவுலுக்காக (விதிமீறல்), யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் 'ஃப்ரீ த்ரோ' 32இல் 28. தவறிய எறிதலைக் கைப்பற்றும் 'ரீபவுண்ட்' 25, கூடை போடுபவருக்குப் பந்தைக் கொடுக்கும் 'அசிஸ்ட்' 2.

கூட்டிப் பாருங்கள். 36 கூடைக்குத் தலா இரண்டு என்று 72. ஃப்ரீ த்ரோவுக்குத் தலா ஒன்று என்று 28. தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-80இல்தான் என்பதால் வேறு வழியே இல்லை. என்னை வியக்க வைப்பது 36 அல்ல, 28தான். ஃப்ரீ த்ரோ அவருக்குக் கடைசிவரை பலவீனம். அந்தப் பருவத்தில் இரு கைகளாலும் பந்தைக் கீழிருந்து தூக்கி எறியும் முறைக்கு மாறியிருந்தார். அப்போதும் பத்துக்கு ஆறுதான் விழுந்தது. அன்று மட்டும் 32க்கு 28.

புள்ளிகளை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது முயற்சிகளின் எண்ணிக்கையை. 2006 ஜனவரி 22 அன்று டொரொண்டோவுக்கு எதிராக கோபி பிரையன்ட் 81 புள்ளிகள் எடுத்தார். 46 எறிதலில் 28 உள்ளே, அதில் ஏழு மூன்று புள்ளிக் கூடைகள். 20 ஃப்ரீ த்ரோவில் 18. எறிதலையும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்து எடைபோடும் 'ட்ரூ ஷூட்டிங்' என்ற கணக்குப்படி பிரையன்டுக்குச் சுமார் 74 சதவீதம், சேம்பர்லினுக்கு 65. அதிகம் எடுத்தவர் ஒருவர், வாய்ப்பை வீணாக்காதவர் இன்னொருவர். ஹெர்ஷியில் அன்று வாரியர்ஸ் அணியிலேயே அல் அட்டில்ஸ் எட்டு எறிந்து எட்டையும் போட்டார். கிடைத்த ஒரு ஃப்ரீ த்ரோவும் உள்ளே. கை ராட்ஜர்ஸ் 20 அசிஸ்ட் கொடுத்தார். பந்தை எடுத்துக் கொடுக்கும் கை இல்லாமல் நூறு ஏது?

தாளில் இல்லாதவையும் உண்டு. எதிராளியின் எறிதலைத் தடுக்கும் 'பிளாக்', பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்' இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியது 1973-74இல். பிளாக்கில் மன்னன் எனப்பட்ட சேம்பர்லின் அதே ஆண்டு, 1973இல், என்.பி.ஏ.வை விட்டு வெளியேறிவிட்டார். அவர் தடுத்த எறிதல்கள் எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடைசி நிமிடங்களில் பந்து அவரிடம் போய்விடாதபடி நிக்ஸ் மற்ற வாரியர்ஸ் வீரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்ததும், பந்தை மீட்க வாரியர்ஸ் பதிலுக்கு ஃபவுல் செய்ததும் அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். தாளில் எல்லா ஃபவுலும் ஒரே எண்தான்.

அப்படியிருந்தும் அந்தத் தாள் ஒருவருக்கு நீதி செய்கிறது. நிக்ஸின் வழக்கமான சென்டர் உடல்நலமின்றி ஆடாததால், சேம்பர்லினைத் தடுக்கும் பொறுப்பு டேரல் இம்ஹாஃப் தலையில் விழுந்தது. 'நூறு கொடுத்தவர்' என்ற பேச்சு வாழ்நாள் முழுக்க அவரைத் தொடர்ந்தது. ஆனால் ஆறு ஃபவுல் சேர்ந்ததால் விதிப்படி வெளியேறிய இம்ஹாஃப், 48 நிமிட ஆட்டத்தில் களத்தில் இருந்தது 20 நிமிடம்தான். அந்த நூறை அவர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.