தானாகவே கூடிக்கொள்ளும் புரதத் துணுக்குகள்

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் என்ற விஞ்ஞானி, ஈஸ்டில் இருக்கும் சுவோட்டின் என்ற புரதத்தை ஆராய்ந்துவந்தார். அதன் ஓரிடத்தில் மூன்றே வகை அமினோ அமிலங்கள் ஒழுங்காக மாறி மாறி வந்தன. அந்த வரிசையில் பதினாறு அமிலம் நீளமுள்ள துணுக்கு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, செல் வளர்க்கும் திரவத்தில் சேர்த்தார்கள். கண்ணுக்கே தெரியும்படி மெல்லிய சவ்வு ஒன்று படிந்தது!

இப்படிப்பட்ட குட்டிப் புரதச் சங்கிலிதான் பெப்டைடு. ஜாங் பிறகு வடிவமைத்த ராடா-16 இந்தக் குடும்பத்தின் நட்சத்திரம். அதன் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு ஒதுங்கும் அலனின். மறுபக்கம் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் அடுத்தடுத்து நிற்கும். தண்ணீரில் விட்டால் ஒதுங்கும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மறையும்; எதிரெதிர் மின்சுமைகள் ஜிப்பின் பற்களைப் போலப் பொருந்தும். சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் இழைகள் நீண்டு, வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலை பிடித்துவைக்கும் ஜெல்லில் 97 சதவீதத்துக்கு மேல் தண்ணீரே.

இன்று இது மருத்துவமனைக்கு வந்துவிட்டது. குடலில் வளர்ந்த சதையை எண்டோஸ்கோப் வழியாக அறுத்தெடுத்த இடத்தில் ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் மெல்லிய குழாய் வழியே 'பியூராஸ்டாட்' என்ற ராடா-16 கரைசலைச் செலுத்துகிறார். சிரிஞ்சுக்குள் அது அமிலத்தன்மையோடு, எளிதில் வழியும் பதத்தில் இருக்கும். ரத்தம் பட்டதும் அமிலம் தணியும், உப்புகள் சேரும், கசிவின் மேல் ஜெல் படரும். கண்ணாடி போலத் தெளிவானது என்பதால், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் ஊடாகவே பார்க்கலாம். சூடு வைத்துத் திசுவைக் கருக்க வேண்டிய தேவையும் குறைகிறது.

மறதி நோயான அல்சைமரில் மூளையில் திரளும் புரதத்திலும் இதே கூடும் குணம் உண்டு. அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஃபீனைல் அலனின்களை மட்டும் எடுத்து, அவையே நானோ குழாய்களாகின்றன என்று டெல் அவிவின் எஹுத் கஸித்தும் மெய்டல் ரெகெஸும் 2003-ல் காட்டினார்கள். குழாய்க்குள் வெள்ளியை உருவாக்கி, மேலுறையைக் கரைத்து, நானோ அளவில் வெள்ளிக் கம்பியும் எடுத்தார்கள். நோயின் ஒரு கூற்றை அச்சாக மாற்றிய துணிச்சல் அது.

ராடா-16 இழைகளைப் பிடித்து வைத்திருப்பவை தனித்தனியே பலவீனமான ஈர்ப்புகள். அதனால்தான் ஜெல் இவ்வளவு மென்மை. பீய்ச்சியடிக்கும் தமனி ரத்தத்தை அதனால் தாங்க முடியாது. அங்கே டாக்டர்கள் இன்றும் கிளிப் போன்ற வழிகளைத்தான் நம்புகிறார்கள்.