காசு கொடுத்தவருக்கு மட்டும் பூட்டு

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'சூன்' என்ற கையடக்கப் பாட்டுக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அதே நிறுவனம் எம்எஸ்என் மியூசிக் என்ற இணையக் கடையில் பாட்டு விற்றுவந்தது. அந்தப் பாட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பூட்டு முறையை வேறு பல கடைகளும் கருவித் தயாரிப்பாளர்களும் ஏற்று, 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்ற முத்திரையைப் பெட்டியில் அச்சிட்டு விற்றார்கள். முத்திரை இருந்தால் பாட்டு நிச்சயம் ஓடும் என்பது வாக்குறுதி. சூனில் அந்தப் பூட்டுப் போட்ட பாட்டு ஒன்றுகூட ஓடவில்லை. மைக்ரோசாஃப்டிடம் வாங்கிய பாட்டு மைக்ரோசாஃப்டின் கருவியிலேயே வாய் திறக்கவில்லை. திருட்டுத்தனமாக இறக்கிய எம்பி3 தடையில்லாமல் ஓடியது. திருட்டைத் தடுக்கவே பூட்டு என்றார்கள். அது கட்டிப்போட்டதெல்லாம் காசு கொடுத்தவரைத்தான். வாங்கிய பாட்டை வாங்கியவர் தனக்குப் பிடித்த எந்தக் கருவியிலும் கேட்க வழியிருக்க வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டு நடப்பதை விற்பனை என்று ஏற்க முடியாது.

பூட்டு எப்படி வேலை செய்தது என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். 2003 ஏப்ரலில் ஆப்பிள் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. பாட்டு இருந்த ஏஏசி வடிவம் ஆப்பிளுக்கு மட்டும் உரியதல்ல. அதன்மேல் போட்ட ஃபேர்பிளே பூட்டுதான் ஆப்பிளுடையது. அதைத் திறக்கும் உரிமை ஐபாட் முதலிய ஆப்பிளின் கருவிகளுக்கும் ஐடியூன்ஸ் மென்பொருளுக்கும் வெளியே மோட்டோரோலாவின் சில கைபேசிகளோடு நின்றது. விண்டோஸ் பக்கத்தில் பாட்டுக் கோப்பு வேறு, அதைத் திறக்கும் உரிமச் சாவி வேறு. வன்தட்டு பழுதாகி விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, புதுக் கணினிக்கு மாறினாலோ, கடையின் சர்வரிடம் மறுபடி சாவி வாங்கியாக வேண்டும். 2008 ஏப்ரலில் எம்எஸ்என் மியூசிக் தன் பழைய வாடிக்கையாளர்களுக்கு, ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதுக் கணினிகளுக்குச் சாவி தரமாட்டோம் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2011 இறுதிவரை கெடு நீண்டது. அதே 2008-ல் யாஹூவும் தன் சாவி சர்வரை நிறுத்துவதாக அறிவித்தது. வால்மார்ட் அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. வாங்கியவரின் வீட்டில் கோப்பு பத்திரமாக இருந்தும், அது நாளை பாடுமா என்பது வேறொருவரின் கையில் இருந்தது.

பூட்டு இல்லையென்றால் திருட்டு பெருகும், கலைஞர் வயிற்றில் அடிக்கும் என்பது முதல் மறுப்பு. கலைஞருக்கு ஊதியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பூட்டு அந்த ஊதியத்தைக் காத்ததா? 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் ஒரு கணக்கைச் சொன்னது: 2006-ல் உலகமெங்கும் இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, அதே இசை நிறுவனங்கள் சிடியில் எந்தப் பூட்டும் இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். நார்வேயின் நுகர்வோர் அதிகாரிகள் அப்போது இந்தப் பூட்டுக்காக ஆப்பிளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஆகவே அது தரும சிந்தனையில் மட்டும் பிறந்த கடிதமல்ல. இருந்தாலும் கணக்கு கணக்குதான். பத்துப் பங்குக்கு மேல் திறந்த கதவு வழியே போகும்போது மிச்சத்தைப் பூட்டி எந்தத் திருட்டைத் தடுக்க முடியும்?

சிடியில் எழுதி, அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொண்டால் போயிற்று என்பது இரண்டாவது சமாதானம். கடைகளே இதை அனுமதித்தன; சர்வரை மூடியபோது சில கடைகள் இதையே பரிந்துரைக்கவும் செய்தன. கோப்பின் அளவைக் குறைக்க, காதுக்கு எளிதில் பிடிபடாத ஒலி நுணுக்கங்களை ஏஏசி முன்பே கழித்துவிட்டது. சிடிக்குப் போவது அந்தக் கழித்த ஒலிதான். அதிலிருந்து எம்பி3 எடுக்கும்போது மறுபடி ஒரு கழிவு. விநாடிக்கு 128 கிலோபிட்டில் வாங்கிய பாட்டு இதைத் தாங்கினாலும் தாளத்தட்டின் ஓசையிலும் கைதட்டலிலும் ஒரு கரகரப்பு ஏறிவிடும். பெரும்பாலும் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும்கூடத் தொலைந்துபோகும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்ச வேண்டும். முழு விலை கொடுத்தவருக்குக் கிடைக்கும் பரிகாரமா இது?

நிபந்தனையைப் படித்து ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று மறுப்புகளில் கனமானது இதுதான். ஒப்பந்தம் நியாயமாக இருக்க, பிடிக்காவிட்டால் வேறிடம் போகும் வழி வேண்டும். 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 'ஹார்மனி' என்ற மென்பொருளால் தன் கடைப் பாட்டுகளை ஐபாடில் ஓட வைத்தது. இது ஊடுருவிகளின் உத்தி என்று ஆப்பிள் சாடியது. பின்னர் வந்த ஐபாட் மென்பொருளில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை. பல ஆண்டுகள் கழித்து 2014-ல் இதைப்பற்றி ஓக்லாந்தில் நடந்த வழக்கில் நடுவர் குழு ஆப்பிளின் பக்கமே தீர்ப்பளித்தது, உண்மை. ஆனால் ஐடியூன்ஸ் 7 என்ற மென்பொருள் பதிப்பு வாடிக்கையாளருக்கு உண்மையான மேம்பாடா என்பதே அந்தக் குழு விடைசொன்ன கேள்வி. நூறு பாட்டு வாங்கிச் சேர்த்தவர் கருவியை மாற்ற நினைத்தால் நூறையும் மறுபடி வாங்க வேண்டும் என்ற நிலைக்கு அதில் விடை இல்லை.

பூட்டு கடைசியில் அவிழ்ந்தது. 2007-ல் பெரிய இசை நிறுவனங்களில் இஎம்ஐ முதலில் இணங்கியது; 2008 ஜனவரிக்குள் நான்கு பெரிய இசை நிறுவனங்களும் அமேசானில் பூட்டில்லாத எம்பி3 விற்கத் தொடங்கின; 2009 ஜனவரியில் ஆப்பிளும் பூட்டை விலக்குவதாக அறிவித்தது. பழைய பாட்டின் பூட்டைக் கழற்ற வாங்கியவரே பாட்டுக்கு 30 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. இன்று ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். மாதச் சந்தா வாடகை. வாடகை என்று சொல்லியே வாங்குகிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விலைக்கு விற்கும் மின்னூலிலும் ஒலிநூலிலும் திரைப்படத்திலும் பூட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அங்கே சட்டம் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும்: சாவி சர்வரை மூடும் கடை, அதற்கு முன் விற்ற கோப்புகளைப் பூட்டில்லாமல் கொடுத்தாக வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவது இதற்கு ஈடாகாது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது முழு விலையையும் திருப்பிக் கொடுத்தது. பக்க ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது. நூல்கள் எவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.