நற்றாய் யார்?

ஈன்றவளை நற்றாய் என்றும் வளர்ப்பவளைச் செவிலி என்றும் பிரித்து வழங்கினர் நம் அகப்பொருள் நூலார். வளர்ப்பவர் பலராயினும் ஈன்றவள் ஒருத்தியே என்பதில் அவர்க்கு ஐயம் இருந்ததில்லை. தாய் யாரென்பது என்றும் உறுதி எனப் பழைய உரோமச் சட்டமும் கொண்டது. இற்றை மருத்துவமோ அவ்வுறுதியை அசைத்துவிட்டது. ஒருத்தியின் சினைமுட்டையில் உருவான கருவை மற்றொருத்தி சுமந்து பெற்றுக் கொடுக்கின்றாள். அவளை 'வாடகைத்தாய்' என்கிறது உலக வழக்கு. வாடகை என்பது வீட்டிற்கும் வண்டிக்கும் உரிய சொல். ஆதலின் அவளைச் 'சுமந்த தாய்' என்றே ஈண்டுக் குறிப்பாம்.

பெற்ற பின்னர் அவள் குழந்தையைப் பிரிய மனம் ஒவ்வாளாயின் சட்டம் யாது செய்யும்? இடத்துக்கு இடம் விடை வேறுபடுகின்றது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, பத்தாயிரம் டொலருக்கு உடன்பட்டுத் தன் சினைமுட்டையிலேயே குழந்தை பெற்ற ஒருத்தி, அதனைப் பிரிய மாட்டாது வழக்காடினாள். அம்மாநில உச்ச நீதிமன்றம் 1988இல் அவ்வொப்பந்தம் செல்லாது என்றது. அவளே சட்டப்படி தாய் என்றது. எனினும், குழந்தையின் நலத்தை நோக்கி வளர்க்கும் பொறுப்பைத் தந்தைக்கும், கண்டுவரும் உரிமையைத் தாய்க்கும் அளித்தது. ஐந்து ஆண்டுகளின் பின், 1993இல், கலிபோர்ணியாவில் வேறொரு வழக்கு வந்தது. அங்கே கரு தம்பதியருடையது, சுமந்தவள் பிறள். அம்மாநில உச்ச நீதிமன்றம், மகவைப் பெற்று வளர்க்கக் கருதி இம்முயற்சியைத் தொடங்கியவளே தாய் எனத் தீர்த்தது. ஒரு நாட்டினுள்ளேயே உடலுக்கு ஒரு நீதி, கருத்துக்கு ஒரு நீதி!

இங்கிலாந்துச் சட்டத்தில் ஈன்றவளே தாய். பெற்றோர் உரிமையைப் பிறர்க்கு மாற்ற அவள் உடன்பாடு வேண்டும்; பேற்றின்பின் ஆறு கிழமை கழியுமுன் அவள் தந்த உடன்பாடு செல்லாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பணத்துக்குச் சுமப்பதைத் தடுத்தது. மருத்துவச் செலவையும் காப்புறுதியையும் மாத்திரம் அனுமதித்தது. அங்கே கருவைக் கருப்பையில் வைக்குமுன்னர் அவள் தன் உடன்பாட்டை மீட்டுக்கொள்ளலாம். அதன்பின் பிறக்கும் குழந்தை தம்பதியரின் குழந்தையாகவே கொள்ளப்படும்.

இவற்றுள் எது நேரிது? பிள்ளைப்பேறு பற்றிய தெரிவு தனியாள் சுதந்திரத்தின் ஒரு கூறு என இந்திய உச்ச நீதிமன்றமே 2009இல் உரைத்தது. அச்சுதந்திரம் ஒரு கையொப்பத்தோடு தீர்ந்துபோவதன்று. பத்துத் திங்கள் சுமப்பதன் முன் இருந்த மனமும் சுமந்தபின் உள்ள மனமும் ஒன்றென எவர் உறுதி கூறவல்லார்? தம் கருவில் உதித்த மகவை இழக்க நேரும் தம்பதியரின் துயரும் சிறிதன்று என்பர். உண்மையே. ஆயினும் நியூ ஜேர்சித் தீர்ப்பு அதற்கு வழி காட்டுகின்றது: ஒப்பந்தத்தைத் தள்ளிய மன்று குழந்தையைத் தந்தையிடமிருந்து பறிக்கவில்லை. ஆதலின் இங்கிலாந்தின் ஆறு கிழமையே எமக்கு அறத்தோடு இயைந்ததாகத் தோன்றுகின்றது.

இனி, எவ்வொப்பந்தத்திலும் கையொப்பமிடாத ஒருவர் உண்டு, அவர் குழந்தை. பிரான்சு 1994 முதல் இத்தகைய ஒப்பந்தங்களைச் செல்லாதனவாக்கியது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிற் பிறந்த இரட்டைக் குழந்தைகளை, அவர்தம் பிரெஞ்சுப் பெற்றோரின் மக்களாகப் பதிவதற்கு அந்நாடு மறுத்தது. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நுட்பமாகத் தீர்ப்பளித்தது. பெற்றோரின் குடும்ப வாழ்வுரிமை மீறப்படவில்லை. குழந்தைகளின் தனிவாழ்வுரிமையோ மீறப்பட்டது என்றது. தான் யாருடைய மகவு என்பது ஒருவரின் அடையாளத்தின் பகுதி அன்றோ?

2024இல் இத்தாலி, தன் குடிகள் வெளிநாடு சென்று இவ்வழி பிள்ளை பெறுவதையும் குற்றமாக்கியது. ஓர் அரசு தன் அறக்கொள்கைக்கேற்பத் தடை விதிக்கலாம். பெற்றோரைத் தண்டிக்கவுங் கூடும். ஆனால், பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பெயரும் நாடும் பெற்றோரும் இல்லை எனல் எந்நாட்டுச் சட்டத்துக்கும் அழகன்று. நற்றாய் யாரென்று நீதிமன்றங்கள் ஆறவிருந்து ஆராயட்டும். குழந்தையின் பிறப்புப் பதிவு மட்டும் அதுவரை காத்திருத்தலாகாது.