எட்டு மணி நேரம் ஓடியும் ஏறாத பேட்டரி

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி, நல்லர்பார் சமவெளியைக் கடந்து செல்கிறது ஐர் நெடுஞ்சாலை. அதில் ஓரிடத்தில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. மரங்கள் அரிது, ஊர்கள் அதைவிட அரிது. பணி ஓய்வு பெற்ற தம்பதிகளும், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளம்பியவர்களும் பிக்கப் வண்டியின் பின்னால் கேரவனைப் பூட்டி இழுத்துக்கொண்டு இந்தச் சாலையில் நாள்கணக்கில் போகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாம் கேரவனுக்குள் உண்டு. இவற்றுக்கு மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பேட்டரியும் உண்டு. பகலில் வண்டி ஓடும்போது இன்ஜின் அதைச் சார்ஜ் செய்யும். இரவில் அதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது ஏற்பாடு.

பல்லாண்டுகளாகப் பிரச்சினையில்லாமல் நடந்த இந்த ஏற்பாடு, புது மாடல் வண்டி வாங்கியவர்களுக்குக் கைகொடுக்காமல் போனது. எட்டு மணி நேரம் ஓட்டிவந்து இரவு தங்கினால், விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதென்று புதிதாக வாங்கிப் போட்டால், அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகிறது. காசைக் கொட்டிப் பேட்டரி மாற்றும் பலருக்கும் காரணம் பேட்டரியில் இல்லை என்பது தெரிவதே இல்லை. காரணம் முன்னால் ஓடும் வண்டியில் இருக்கிறது. அதைப் பிடிக்க ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

12 வோல்ட் பேட்டரி என்று நாம் அழைப்பதற்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி, வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2க்கு இறங்கினால் பாதி காலி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை. வண்டியை நிறுத்திய கையோடு மீட்டரை வைத்தால் 13 வோல்ட் காட்டலாம். அதை நம்பக் கூடாது. தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறிய சார்ஜ் அது. சில மணி நேரம் கழித்துக் காட்டும் எண்தான் உண்மையான இருப்பு.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்க உயரம் தேவைப்படுவதுபோல, பேட்டரிக்குள் மின்னோட்டம் பாய அதன் அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தம் வேண்டும். ஈய-அமில பேட்டரியை முழுமையாக நிரப்பச் சுமார் 14.4 வோல்ட் தேவை. 13 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கொஞ்சம் ஏறும், அதற்கு மேல் அசையாது. அப்படி அரைகுறையாகவே காலம் தள்ளும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாகி இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் அதை முழுதாகக் கரைக்க முடியாது. புது பேட்டரிகள் சில மாதங்களில் செத்துப்போவது இப்படித்தான்.

பழைய வண்டிகளில், இன்ஜினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு ஒரே வேலை. இன்ஜின் ஓடும்வரை 14 வோல்ட்டுக்குச் சற்று மேலாகத் தந்துகொண்டே இருக்கும். கேரவனுக்குப் போகும் வயரில் ஒரு ரிலே இருக்கும். அழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் அது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் துண்டித்துவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டிய பேட்டரியை கேரவன் உறிஞ்சிவிடாமல் காப்பதற்கான எளிய, நல்ல ஏற்பாடு.

ஆனால் மின்சாரம் சும்மா வருவதில்லை. 14 வோல்ட்டில் 150 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் 2,100 வாட் உற்பத்தி செய்கிறது. அதன் சொந்த இழப்புகளையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. எல்லாம் எரிபொருள். புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டம் இயற்றியபோது, வண்டி தயாரிப்பாளர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பொருட்டானது. ஆல்டர்னேட்டரின் கட்டுப்பாடு இன்ஜின் கணினியின் கைக்குப் போனது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உட்காரும் சிறு சென்சார் மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சொல்லும். கணினி அதைப் பார்த்து முடிவெடுக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ அழுத்தம் 15 வோல்ட் வரை எகிறும். வீணாகப் போகவிருந்த இயக்க ஆற்றல் மின்சாரமாக மாறும். சீராக ஓடும்போதும் வேகமெடுக்கும்போதும் 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே இறக்கிவிடும். இன்ஜினுக்குச் சுமை குறையும். பிரேக் ஆற்றலை வாங்கிக்கொள்ள இடம் வேண்டுமென்பதால், வண்டியின் பேட்டரியை முழுதாக நிரப்பாமல் சுமார் 80 சதவீதத்திலேயே வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 2023இலும் 2024இலும் மிக அதிகம் விற்ற ஃபோர்டு ரேஞ்சர் உட்பட, இழுவைக்குப் பெயர்போன பல வண்டிகளில் இன்று இந்த முறைதான்.

இப்போது அந்த நேர்ச்சாலைக்கு இந்த வண்டியைக் கொண்டுவந்தால் சிக்கல் விளங்கும். வளைவில்லை, சிக்னல் இல்லை, பிரேக் பிடிக்கக் காரணமே இல்லை. கணினியின் கணக்குப்படி வண்டியின் பேட்டரி போதுமான அளவு நிரம்பியிருக்கிறது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கிறது. ரிலே அதைப் பார்த்து, இன்ஜின் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. கேரவனின் பேட்டரி அந்தக் கணினியின் கணக்கிலேயே கிடையாது. சென்சார் இருப்பது முன்பக்க பேட்டரியில் மட்டும்தானே! சில வண்டிகளில் முகப்பு விளக்கைப் போட்டால் கணினி அழுத்தத்தைக் கூட்டும். அனுபவசாலிகள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வண்டியிலும் இது பலிக்காது.

ஆல்டர்னேட்டர் ஒழுங்காக 14.2 வோல்ட் தந்தாலும் அடுத்த திருடன் வயருக்குள் இருக்கிறான். ஐரோப்பாவின் 13 முனை இணைப்பானில் கேரவனுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு கொண்டவை. இன்ஜினிலிருந்து கேரவன் பேட்டரிக்கு 7 மீட்டர் என்றால், போக வர 14 மீட்டர் தாமிரம். அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஓட்டம் குறைந்து இழப்பும் குறையத்தான் வேண்டும். ஆனால் அதே வயரிலிருந்து ஃபிரிட்ஜும் 10, 12 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் இழப்பு குறைய வழியே இல்லை. ஆஸ்திரேலியர்கள் இதற்காகவே முன்பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கேபிள் இழுத்து, 50 ஆம்பியர் தாங்கும் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக்கை வண்டியின் பின்னால் பொருத்துகிறார்கள்.

முழுத் தீர்வு, டிசி-டிசி சார்ஜர் என்னும் பெட்டி. அடிலெய்டில் இயங்கும் ரெட்ஆர்க் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் இந்தக் கருவி, உள்ளே வருவது 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ, கேரவன் பேட்டரிக்குத் தேவையான அழுத்தத்தைத் தானே உருவாக்கித் தரும். முதலில் முழு ஓட்டம், பிறகு அழுத்தத்தை நிலையாக வைத்து ஓட்டத்தைக் குறைத்தல், கடைசியில் நிரம்பியதைப் பராமரித்தல் என்று கட்டங்களாகச் சார்ஜ் செய்யும். கேரவன் பேட்டரிக்குப் பக்கத்தில் பொருத்துவது நல்லது. வயரில் இழந்ததையும் அங்கேயே ஈடுகட்டிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. அழுத்தத்தை வைத்து இன்ஜின் ஓடுகிறதா என்று அறிய முடியாத வண்டி என்பதால், இக்னிஷனிலிருந்து தனியாக ஒரு சிக்னல் வயர் இந்தப் பெட்டிக்குப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் பாதி வழியில் பெட்டியும் உறங்கிவிடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுபவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் அவசியம். அதன் உள்தடை மிகக் குறைவு. நேரடியாக இணைத்தால் கிடைக்கும் ஓட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மெதுவாகச் சுழலும் ஆல்டர்னேட்டருக்குக் காற்றோட்டம் போதாமல் சுட்டுப்போகும் ஆபத்து உண்டு. சார்ஜர் அந்த ஓட்டத்தை 25 அல்லது 40 ஆம்பியர் என்று கட்டுக்குள் வைக்கும்.

இதெல்லாம் ஃபிரிட்ஜின் குளிர்ச்சிக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2 டன்னுக்கு மேற்பட்ட கேரவன் ஓடும்போது கழன்றுவிட்டால், அதன் சக்கரங்களில் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. மின்பிரேக் உள்ள கேரவனில் அந்தப் பிடிக்கு விசை தருவது கேரவனிலேயே உள்ள ஒரு பேட்டரி. அது அரைகுறையாகச் சார்ஜ் ஏறியிருந்தால் எதிரே வரும் வண்டிக்கும் ஆபத்து.

சோதித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கேரவனை மாட்டி, ஃபிரிட்ஜை ஓடவிட்டு, இன்ஜினையும் ஓடவிட்டு, முன்பேட்டரி முனையில் ஒரு முறையும் கேரவன் பேட்டரி முனையில் ஒரு முறையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரையும் இணைப்புகளையும் முதலில் பார்க்க வேண்டும். வித்தியாசம் சிறிதாக இருந்தும் இரண்டுமே 13க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர்தான் இறக்கிவைத்திருக்கிறது. நின்ற இடத்தில் அளந்தால் மட்டும் போதாது. நெடுஞ்சாலை வேகத்தில் சீராக ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். புது பேட்டரிக்குக் கடை ஏறுவதற்கு முன்பு செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான்.