குளிர் சாதனக் கசிவும் சுவரில் படரும் பூஞ்சணமும்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில், மும்பை போன்ற ஈரமிக்க நகரங்களில், குளிர் சாதனம் பொருத்திய அறைகளின் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றுவது அபூர்வமன்று. வீட்டார் அவற்றைத் துடைத்துவிட்டு, மேலே வண்ணம் பூசுகின்றனர். சில வாரங்களில் வண்ணம் கொப்புளித்து உரிகிறது; புள்ளிகள் முன்னிலும் பெரியனவாய்த் தலைகாட்டுகின்றன. குற்றம் வண்ணத்தினுடையதன்று, சுவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நீரினுடையது.

குளிர் சாதனத்திற்கும் நீருக்கும் உள்ள தொடர்பு பழையது. 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலார், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்திற்காக இத்தகைய சாதனத்தை வடிவமைத்தார். மனிதருக்குக் குளிர்ச்சி ஊட்டுவது அவர் நோக்கமன்று. ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகுவதைத் தடுப்பதே நோக்கம். காற்றிலிருந்து நீரைப் பிரிப்பது இன்றும் இச்சாதனத்தின் பணிகளுள் ஒன்று. 32 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 27 கிராம் நீராவி உண்டு. அக்காற்று குளிர்ந்த சுருளைத் தொட்டு 13 பாகைக்கு இறங்கினால், சுமார் 11 கிராமையே தாங்கும். எஞ்சியது துளிகளாகித் தட்டில் விழுந்து, வடிகுழாய் வழியே வெளியேற வேண்டும். பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர் அரும்புவதைக் காட்டி, ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம்.

வெளியேறும் வழி தடைப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தூசியும் வழுவழுப்பான பாசமும் சேர்ந்து குழாயை அடைப்பதே பெரும்பாலும் காரணம். குழாய் நடுவில் மேடிட்டிருத்தலும், செம்புக் குழாயின் மேலுறை கிழிந்து அது 'வியர்த்தலும்' பிற காரணங்கள். காற்று வடிகட்டி அழுக்கடைந்தால் சுருளில் பனி உறைந்து, பின்னர் உருகித் தட்டை மீறி வழியும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டில் சிறிது நீர் வார்த்து, வெளிமுனையில் அது தடையின்றி வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

பூஞ்சணத்தின் வித்துக்கள் எங்கும் காற்றில் மிதக்கின்றன; அவை வீட்டிற்குள் வராமல் தடுக்க இயலாது. அவற்றுக்குக் காகிதமும் மரமும் ஒட்டுப்பலகையும், ஏன், சுவரில் படிந்த தூசியுமே உணவாகும். குறைவது நீர் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால், பூஞ்சணம் பெரும்பாலும் வேரூன்றுவதில்லை. அலட்சியம் செய்தால் துன்புறுவோர் முதலில் குழந்தைகளே. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோர்க்கு இழுப்பும் சுவாசக் கோளாறுகளும் மிகுதி என உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன.

கசிவை நிறுத்திய பின்னரே சுவரைத் தூய்மை செய்தல் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்ப்பது பெருந்தவறு. வித்துக்கள் அறை முழுவதும் பறக்கும். முகமூடியும் கையுறையும் அணிந்து, ஜன்னல்களைத் திறந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைப்பது தக்கது. இழுப்பு நோயுள்ளோர் இவ்வேலையில் ஈடுபடலாகாது. வெளுப்புத் தூளைப் பலரும் நாடுகின்றனர். நுண்துளைகள் உள்ள சுவரில் அது ஆழ இறங்குவதில்லை. மடிந்த பூஞ்சணமும் ஒவ்வாமையை விளைவிக்கும். அத்துடன் அமிலக் கழுவு திரவத்தையோ அம்மோனியாவையோ கலந்தால் நச்சு வாயு எழும். ஊறிப்போன மெத்தையையும் கூரை அட்டையையும் அகற்றிவிடுவதே நன்று. சிக்கனம் இங்கே பயன் தராது.

வண்ணம் பூசுமுன் ஓர் அடி சதுரமுள்ள பாலிதீன் தாளின் நான்கு விளிம்புகளையும் சுவரோடு காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. பூசும் வேலையை ஒத்திவைத்தல் வேண்டும். துளிகள் அறையை நோக்கிய புறத்தில் மட்டும் காணப்படின், ஈரம் அறைக் காற்றினுடையது. காற்றோட்டத்தைச் சீர்செய்தல் வேண்டும்.