வெள்ள எச்சரிக்கை வந்தாச்சு... வீட்டில் எல்லாருக்கும் புரிஞ்சுதா?

இரவு மணி 11. வெளியே விடாத மழை. கைப்பேசியில் ஒரு தகவல்: பக்கத்து ஆற்றின் நீர்மட்டம் 'பஹாயா'.

உங்களுக்குப் புரியும். மலாய் படிக்கத் தெரியாத பாட்டிக்கு?

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் தவித்தனர். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மழை எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஆனால் "உங்க தெருவுக்குத் தண்ணி வருது, இப்பவே கிளம்புங்க" என்ற செய்தி பலருக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை.

முன்னெச்சரிக்கை முறை என்றால் என்ன?

வெறும் சங்கு இல்லை. நான்கு வேலைகள் சேர்ந்ததுதான் முன்னெச்சரிக்கை முறை:

• எந்த இடம், யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அறிவது
• மழையையும் ஆற்றையும் கண்காணிப்பது
• தகவலை எல்லாருக்கும் புரியும்படி சேர்ப்பது
• கேட்டவர்கள் உடனே செயல்படுவது

ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் வீண்.

அந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம்.

• வஸ்பாடா: நீர்மட்டம் வழக்கத்தைவிட நன்றாகக் கூடியிருக்கிறது.
• அமாரான்: கரை தாண்டும் அளவை நெருங்கிவிட்டது.
• பஹாயா: வெள்ளம் வரக்கூடிய அளவு. வெளியேறச் சொல்லலாம்.

வானிலைத் துறையின் மழை எச்சரிக்கை வேறு. அதிலும் 'வஸ்பாடா', 'பஹாயா' என்ற சொற்கள் வரும். ஆனால் அது வானத்தைப் பற்றியது, ஆற்றைப் பற்றியது இல்லை. உங்கள் பக்கம் மழை விட்டிருக்கலாம். மேட்டுப் பகுதியில் பெய்த மழை பிறகுதான் ஆற்றோடு வந்து சேரும். "மழை நின்னுடுச்சே" என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

பெரிய கருவிகள் இருந்தால்தான் முடியுமா?

இல்லை. நேப்பாளத்தின் கர்னாலி ஆற்றைப் பாருங்கள். மேலே சீசாபானி என்ற இடத்தில் நீர்மட்டம் உயர்ந்தால், கீழே உள்ள கிராமங்களுக்குத் தொலைபேசியில் தகவல் போகும். அங்குள்ள தொண்டூழியர்கள் கையால் சுழற்றும் சங்கோடும் ஒலிபெருக்கியோடும் மக்களை எழுப்புவார்கள். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். அதனால்தான் கிடைக்கும் சில மணி நேரம் வீணாவதில்லை.

யார் விடுபட்டுப் போகிறார்கள்?

தனியாக வாழும் முதியவர். காது கேளாதவர், சங்கு ஊதினாலும் அவருக்குத் தெரியாது. படுத்த படுக்கையாக இருப்பவர். தெரிந்தாலும் அவரால் எழுந்து போக முடியாது. மலாய் புரியாத வெளிநாட்டு ஊழியர்.

இவர்களுக்குச் செயலி மட்டும் போதாது. கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஆற்று நிலையத்தின் பெயரைத் தெரிந்து வையுங்கள்.
• மேலே சொன்ன மூன்று சொற்களையும் தமிழில் எழுதி, பாட்டி கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.
• உங்கள் தெருவில் உதவி தேவைப்படுவோர் யார், யார் வீட்டுக்கு யார் போவது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள்.
• அடையாள அட்டை, மருந்து, சார்ஜர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.
• 'அமாரான்' என்றதும் முதியவர்களை முதலில் நகர்த்துங்கள். 'பஹாயா' வரை காத்திருக்க வேண்டாம்.
• உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கையை அப்படியே அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது. தமிழில் சொல்லி, "புரிஞ்சுதா பாட்டி? பையை எடுத்துக்கோங்க" என்று கேட்டு, அவர் கிளம்பும்வரை கூட இருந்தால்தான் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.